ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்கள் எங்கே?

டெக்சஸ் மாநிலப் பள்ளி மாவட்ட வாரியங்களின் உறுப்பினர்களுக்கும், அந்த வாரியத் தேர்தல்களில் வாக்குரிமை உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும்

மதிப்பிற்குரியோரே,

ஹூஸ்டன் பகுதியில் ஓர் அரசு ஹைஸ்கூலில் ஒன்பதாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா சொல்லித் தருகிறேன். என் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஹிஸ்பானிக் குடும்பத்தவர். மெக்சிகோ, ஹோண்டுராஸ், எல் சால்வடோர், வெனிசுலா என்று வேர்கள் பல. சிலர் போன வருடம் வந்தவர்கள். வேறு சிலரின் பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலிருந்தே குடும்பம் இந்த மண்ணில்தான் இருக்கிறது. டெக்சஸ் அரசுப் பள்ளிகளில் படிக்கும் சுமார் 55 லட்சம் மாணவரில் பாதிக்கும் மேற்பட்டோர் ஹிஸ்பானிக் பிள்ளைகள். எனவே அவர்கள் படிப்பைப் பாதியில் விடுவதைப் பற்றிப் பேசுவது இம்மாநிலப் பள்ளிக்கூடத்தைப் பற்றியே பேசுவதாகும்.

இதன் ஆங்கில வடிவம் வாரிய அலுவலகங்களுக்குத் தனியே வந்து சேரும். தமிழிலும் எழுதக் காரணம், நம்மவர்கள். கேட்டி, சுகர் லேண்ட், ஃபிரிஸ்கோ, இர்விங் என்று எங்கே வீடு வாங்கினாலும் முதலில் பள்ளி ரேட்டிங் பார்க்கிறோம். அந்தப் பள்ளியை நடத்தும் வாரியத்துக்கு யார் போட்டியிடுகிறார்கள் என்று பார்ப்பவர்கள் எத்தனை பேர்? வாரியத் தேர்தலில் ஓட்டுப் போடுபவர்கள் குறைவு என்பதால், ஒரு குடியிருப்பு முழுதாகத் திரண்டு போனாலே முடிவு மாறக்கூடும்.

யாரும் அதிகம் சொல்லாத நல்ல செய்தி ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். நாடு முழுவதும் 16 முதல் 24 வயது வரையுள்ள ஹிஸ்பானிக் இளைஞர்களில், ஹைஸ்கூல் சான்றிதழும் இல்லாமல் பள்ளியிலும் இல்லாமல் இருந்தவர்கள் 1972-ல் நூற்றுக்கு 34 பேர். 2000-ல் 28 பேர். 2022-ல் ஏறக்குறைய 8 பேர். வெள்ளையரின் எண் 4-ஐ ஒட்டி நிற்பதால் இடைவெளி இன்னும் இரு மடங்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் "அவங்களுக்குப் படிப்புல அக்கறை கிடையாது, பையனுக்கு மீசை முளைச்சா வேலைக்கு அனுப்பிடுவாங்க" என்று நம் பொங்கல் விழாப் பந்திகளில் காதில் விழும் பேச்சுக்கு இந்த எண்களே பதில். அக்கறை இல்லாத சமூகம் இருபது சொச்சம் ஆண்டுகளில் 28-ஐ 8 ஆக்கியிருக்காது.

அந்தத் தேசியக் கணக்கிலும் ஒரு கோணல் உண்டு. பதினேழு வயதில் குவாட்டமாலாவிலிருந்து வந்து நேரே கூரை போடும் வேலையில் சேர்ந்த பையன், அமெரிக்கப் பள்ளி வாசலை மிதித்ததே இல்லை. அவனையும் அந்தக் கணக்கு இடைநின்றவன் என்றே எழுதிக்கொள்கிறது. இங்கே பிறந்த பிள்ளைகளை மட்டும் பிரித்துப் பார்த்தால் விகிதம் இன்னும் இறங்கும். டெக்சஸ் கணக்கு சாய்வதோ எதிர்ப்பக்கம். இங்கே இருந்தவர்களே எண்ணிக்கையிலிருந்து நழுவிப் போகிறார்கள். வாரிய உறுப்பினர்களாகிய உங்களிடம் நான் பேச வந்தது இதைத்தான்.

தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். டெக்சஸில் ஏழாம் வகுப்பு முதல் ஒரு மாணவர் பள்ளியை விட்டுப் போனால், ஏன் போனார் என்று பள்ளி ஒரு குறியீட்டு எண் போட வேண்டும். 16 போட்டால் தாய்நாட்டுக்குத் திரும்பிவிட்டார். 60 வீட்டுக்கல்வி. 81 தனியார் பள்ளி. 82 வேறு மாநிலப் பள்ளி. இவற்றில் எதைப் போட்டாலும் அந்த மாணவர் இடைநிற்றல் கணக்கில் வரமாட்டார். காரணம் தெரியவில்லை என்று 98 போட்டால்தான் வருவார். எந்த எண்ணைப் போடுவது என்று முடிவு செய்பவர், எண் கூடினால் பதில் சொல்ல வேண்டிய அதே பள்ளியின் ஊழியர். வேலிக்கு ஓணான் சாட்சி.

இது வெறும் சந்தேகமாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். ஹூஸ்டனில் ஷார்ப்ஸ்டவுன் ஹைஸ்கூலில் 2001-02 கல்வியாண்டில் சுமார் 1,700 மாணவரில் 460-க்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். பள்ளி மாநிலத்துக்கு அனுப்பிய இடைநிற்றல் எண்ணிக்கை: பூஜ்யம். துணை முதல்வர் ராபர்ட் கிம்பல் அதை வெளியே சொன்னார். 2003-ல் மாநிலம் 16 பள்ளிகளின் பதிவேடுகளைத் தணிக்கை செய்தபோது, வெளியேறிய சுமார் 5,500 மாணவரில் பாதிக்கும் மேற்பட்டோரை இடைநின்றவர் என்று பதிந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. அந்த மாவட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த ராட் பேஜ், இடைநிற்றலைக் குறைத்ததாகச் சொல்லப்பட்ட 'ஹூஸ்டன் அதிசயம்' என்ற புகழோடு 2001-லேயே நாட்டின் கல்வி அமைச்சராகிவிட்டிருந்தார். ஹூஸ்டனை முன்மாதிரி என்று காட்டித்தான் அடுத்த ஆண்டு நாடு முழுமைக்குமான கல்விச் சட்டத்துக்கும் ஆதரவு திரட்டப்பட்டது.

பிறகு விதிகள் இறுகின. 2005-06 முதல் இடைநின்றவர் யார் என்பதற்கான தேசிய வரையறையை டெக்சஸ் ஏற்றுக்கொண்டது. இன்று மாநிலத்தின் நான்காண்டுத் தேர்ச்சி விகிதம், அதாவது ஒன்பதில் சேர்ந்து நான்கு ஆண்டில் ஹைஸ்கூல் பட்டம் வாங்குவோரின் பங்கு, 90 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. அதில் பெரும்பகுதி உண்மையான முன்னேற்றம் என்றே நம்புகிறேன். ஆனால் குறியீடு போடும் கை மாறவில்லை. வீட்டுக்கல்வி என்று பெற்றோர் சொன்னதாக ஓர் அலுவலர் எழுதி, தேதியிட்டு, கையெழுத்துப் போட்டால் இன்றும் போதுமானது. காலை ஐந்து மணிக்கு வேலைக்குக் கிளம்பி இரவு வீடு திரும்பும் தாய், எந்தப் பாடத்திட்டத்தை வைத்து வீட்டில் வகுப்பு நடத்துகிறார் என்று யாரும் கேட்பதில்லை.

வேறு விதமாகவும் எண்ணலாம். சான் அன்டோனியோவிலுள்ள ஐ.டி.ஆர்.ஏ என்ற ஆய்வு அமைப்பு 1986-லிருந்து அப்படித்தான் எண்ணுகிறது. ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர், மூன்று வருடம் கழித்துப் பன்னிரண்டில் எத்தனை பேர், இடையில் ஊரின் மாணவர் தொகை கூடியதற்கும் குறைந்ததற்கும் ஒரு திருத்தம். அவ்வளவுதான். முதல்முறை எண்ணியபோது மாநில மாணவரில் மூவரில் ஒருவரைக் காணவில்லை. ஹிஸ்பானிக் மாணவரில் நூற்றுக்கு 45 பேரைக் காணவில்லை. ஒரு வகுப்பில் தேங்கி நிற்பவரையும் இந்த முறை காணாமல் போனவராகக் காட்டிவிடும் என்பது நியாயமான குறைதான். ஆனாலும் இதற்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உங்கள் மாவட்டம் ஆண்டுதோறும் வெளியிடட்டும். இடையில் இருக்கும் பள்ளத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயம் தானாக வரும்.

ஒன்பதாம் வகுப்பையே பிடித்துக்கொண்டு ஏன் நிற்கிறேன் என்றால், பிள்ளை போவது பதினொன்றில் என்றாலும் போக முடிவெடுப்பது இங்கேதான். எட்டாம் வகுப்பு வரை எப்படியோ தூக்கிவிடப்படுகிறார்கள். ஒன்பதில்தான் முதல்முறையாக, முடித்த பாடத்துக்கு இத்தனை என்று சேரும் கிரெடிட் என்ற கணக்கு வருகிறது. ஹைஸ்கூல் பட்டம் வாங்க ஐந்து மாநிலத் தேர்வுகள் எழுத வேண்டும். அவற்றில் அல்ஜீப்ரா I, பயாலஜி, இங்கிலிஷ் I என்ற மூன்றும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த ஒரே ஆண்டில் வந்து விழுகின்றன. கூடவே 90 விழுக்காடு வருகை விதி. ஒரு பாடத்தின் வகுப்புகளில் பத்தில் ஒன்பதுக்கு வரவில்லை என்றால், மதிப்பெண் இருந்தாலும் கிரெடிட் தானாகக் கிடைக்காது. முதல் பீரியடில் அல்ஜீப்ரா இருக்கும் பிள்ளை, முந்தின இரவு உணவகத்தில் பாத்திரம் கழுவிவிட்டு நள்ளிரவு கடந்து வீடு திரும்பியவன், அடிக்கடி இரண்டாம் பீரியடுக்குத்தான் வந்து சேருவான். அவனுக்குக் கணக்கு வராமல் இல்லை. ஒரு சமன்பாட்டை நான் பலகையில் இரண்டு வரி தாண்டும் முன் விடையைச் சொல்லிவிடும் பையன்களை எனக்குத் தெரியும். மே மாதம் ரிப்போர்ட் கார்டில் அல்ஜீப்ரா கிரெடிட் இருக்காது. அடுத்த ஆகஸ்டில் தன்னைவிட ஒரு வயது சின்னவர்களோடு உட்காருவான். அதற்கடுத்த ஆகஸ்டில் வருவானா என்பது கேள்விக்குறி.

சிக்காகோ இதைக் கண்டுபிடித்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகின்றன. அந்நகரப் பள்ளிகளிலும் ஹிஸ்பானிக் மாணவர் பெரும் பங்கு. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வுக் குழு 2005-ல் ஓர் எளிய அளவுகோலை முன்வைத்தது: ஒன்பதாம் வகுப்பு முடிவில் பத்துக்குப் போகத் தேவையான கிரெடிட் இருக்கிறதா, முக்கியப் பாடங்களில் ஒரு செமஸ்டருக்கு மேல் தோல்வி இல்லாமல் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அந்தப் பிள்ளை 'பாதையில்' இருக்கிறது. அப்படி இருந்தவர்களில் நூற்றுக்கு 81 பேர் நான்கு ஆண்டில் பட்டம் வாங்கினார்கள். இல்லாதவர்களில் 22 பேர். எட்டாம் வகுப்புத் தேர்வு மதிப்பெண்ணைவிட, வீட்டு வருமானத்தைவிட இது துல்லியமாகச் சொன்னது. நகரம் அதைக் கையில் எடுத்தது. ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்களிடம் சில வாரங்களுக்கு ஒருமுறை பெயர்ப் பட்டியல் வந்தது. யார் சறுக்குகிறார் என்று உட்கார்ந்து பேசினார்கள். 2007-ல் 57 விழுக்காடாக இருந்த 'பாதையில்' இருப்போர் 2013-ல் 82 விழுக்காடு. அதைத் தொடர்ந்து பட்ட விகிதமும் ஏறியது. மந்திரம் ஒன்றும் இல்லை. பட்டியல் வந்தது, அதைப் படிக்க ஆசிரியருக்கு நேரம் ஒதுக்கப்பட்டது.

நம் மாவட்டங்களில் பட்டியல் இருக்கிறது. நேரம்தான் இல்லை. மாணவருக்கு வழிகாட்டும் கவுன்சிலர் ஒருவர் கவனிக்க வேண்டிய பிள்ளைகள், பரிந்துரைக்கப்பட்ட 250 பேரைவிட மிக அதிகம். அதிலும் அவர்கள் நேரத்தில் கணிசமான பங்கு, தேர்வு நடத்தும் வேலையில் போகிறது.

இப்போது வேலை. படிப்பை விட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் ஊக்கம், முன்மாதிரி, கனவு என்று நிறையப் பேசுவார்கள். வாடகை என்ற சொல் வராது. 14, 15 வயதுப் பிள்ளை பள்ளி நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது, இரவு ஏழு மணிக்குமேல் கூடாது என்று கூட்டரசுச் சட்டம் சொல்கிறது. பதினாறாம் பிறந்தநாள் வந்தால் நேர வரம்பே கிடையாது. டெக்சஸ் சட்டத்திலும் கிடையாது. பள்ளி நாளுக்கு முந்தைய இரவு விடியும் வரை வேலை வாங்கினாலும் சட்டப்படி தவறில்லை. வயல் வேலைக்கோ 1938-ஆம் ஆண்டுச் சட்டம் தனி வாசல் திறந்து வைத்திருக்கிறது: பெற்றோர் சம்மதித்தால் 12 வயதுப் பிள்ளையைப் பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் எத்தனை மணி வேண்டுமானாலும் வேலை வாங்கலாம். சட்டத்தை மீறுவது தனிக் கதை. 2023 பிப்ரவரியில் தொழிலாளர் துறை ஒரு துப்புரவு நிறுவனத்துக்கு 15 லட்சம் டாலர் அபராதம் போட்டது. எட்டு மாநிலங்களின் இறைச்சி ஆலைகளில், 13 முதல் 17 வயது வரையுள்ள 102 பிள்ளைகள் இரவு ஷிஃப்டில் ஆபத்தான இரசாயனங்களை ஊற்றி எலும்பறுக்கும் எந்திரங்களைக் கழுவியிருக்கிறார்கள். பிள்ளைக்கு 15,138 டாலர் என்று கணக்கு. அன்று சட்டம் அனுமதித்த உச்ச அபராதமே அவ்வளவுதான். காலையில் பள்ளிக்குத் தூங்கி வழிந்துகொண்டு, கையில் இரசாயனக் காயத்தோடு வந்த பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள்.

இதற்கு வாரியம் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். சான் அன்டோனியோ 1984-லேயே வழி காட்டியது. மேலே சொன்ன அதே ஐ.டி.ஆர்.ஏ, படிப்பை விட்டுவிடுவார்கள் என்று முத்திரை குத்தப்பட்ட ஹைஸ்கூல், நடுநிலைப் பள்ளி மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வைத்தது. இலவசமாக இல்லை, சம்பளத்துக்கு. பையனுக்குக் கையில் காசு, பள்ளியில் ஒரு மரியாதை, தனக்கே வராத பின்னக் கணக்கை இன்னொரு குழந்தைக்காக மறுபடி படிக்க வேண்டிய தேவை. அந்தத் திட்டம் பின்னர் பிரேசில், பிரிட்டன் வரை போனது. அது பிறந்த மாநிலத்திலேயே எத்தனை வாரியங்கள் அதற்குப் பட்ஜெட்டில் ஒரு வரி ஒதுக்குகின்றன? டெக்சஸ் பள்ளிகளுக்கு மாநிலப் பணம் தினசரி சராசரி வருகையை வைத்து வருகிறது. வராத பிள்ளைக்குப் பணம் வராது. கருணை வேண்டாம், கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்: ஒரு பிள்ளையை நான்கு ஆண்டு பிடித்து வைப்பதில் வரும் வருவாய், அவனுக்குத் தரும் மாலைநேரச் சம்பளத்தைத் தாண்டும்.

பெண் பிள்ளைகளின் கதை வேறு. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள, பாட்டியை டாக்டரிடம் கூட்டிப்போய் மொழிபெயர்க்க, அவர்கள் வகுப்பைத் தவறவிடுகிறார்கள். நம் வீட்டு மூத்த பெண்களை நினைத்துக்கொண்டால் புரியும். அதிகம் விளக்கத் தேவையில்லை.

வாரியம் காது கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இம்மாநிலத்தில் ஓர் ஊர் இருக்கிறது. சான் அன்டோனியோவுக்குத் தென்மேற்கே கிரிஸ்டல் சிட்டி. பசலைக்கீரைத் தலைநகர் என்று தங்களைச் சொல்லிக்கொண்டு கீரை தின்று பலம் பெறும் கார்ட்டூன் மாலுமி பாப்பாய்க்குச் சிலை வைத்த ஊர். கீரை பறித்தவர்கள் மெக்சிக்க வம்சாவளியினர். ஊரின் பெரும்பான்மையும் அவர்கள்தாம். வசந்தம் வந்தால் குடும்பங்கள் வடக்கே சர்க்கரை பீட் கிழங்கு வயல்களுக்குக் கிளம்பிவிடும். பள்ளி ஆண்டு முடியும் முன் போய், தொடங்கிய பின் திரும்பும் பிள்ளைகள் எந்தக் காலத்தில் பாடத்தை எட்டிப்பிடிப்பது? வாரியமும் ஆசிரியர் பதவிகளும் பெரும்பாலும் வெள்ளையர் கையில். 1969-ல் மூண்ட சண்டையின் காரணம் கேட்டால் சிரிப்பு வரும்: விளையாட்டுப் போட்டிகளில் ஆடிப்பாடி உற்சாகமூட்டும் சியர்லீடர்களில் ஒரே ஒரு மெக்சிக்கப் பெண்ணுக்குத்தான் இடம் என்ற வழக்கம். செவெரிட்டா லாரா என்ற மாணவியும் தோழர்களும் மனு எடுத்துக்கொண்டு போனார்கள். வாரியம் அவர்களைக் கேட்க மறுத்தது. டிசம்பர் 9 அன்று வெளிநடப்பு தொடங்கியது. தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் வரை வெளியே வந்தார்கள். கோரிக்கைகள் இருமொழிக் கல்வி, மெக்சிக்க அமெரிக்க வரலாறு, தங்கள் சமூகத்து ஆசிரியர்கள் என்று நீண்டன. ஜனவரியில் வாரியம் இறங்கி வந்தது. ஏப்ரலில் தேர்தல். லா ராசா உனிடா என்ற, மெக்சிக்க அமெரிக்கர்களின் புதிய கட்சி வென்று, வாரியத்தின் பிடி கைமாறியது. மனுவை முதல் நாளே வாங்கிப் படித்திருந்தால் அந்தப் பழைய உறுப்பினர்கள் இன்னும் சில ஆண்டு நாற்காலியில் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பணத்தைப் பற்றி ஒன்று மட்டும். 1968-ல் சான் அன்டோனியோவின் எட்ஜ்வுட் ஹைஸ்கூல் மாணவர்களும் வெளிநடப்பு செய்தார்கள், இடிந்த கட்டடத்தையும் தகுதியில்லாத ஆசிரியர்களையும் எதிர்த்து. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். மெக்சிக்கக் குடும்பங்கள் நிறைந்த எட்ஜ்வுட்டில் சொத்துவரி விகிதம் அதிகம், ஆனால் தலைக்கு 26 டாலர்தான் திரண்டது. பணக்கார அலமோ ஹைட்ஸில் குறைந்த விகிதத்திலேயே 333 டாலர். 1973-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று, கல்வி கூட்டரசு அரசியல் சாசனத்தின் அடிப்படை உரிமை ஆகாது என்று தீர்ப்பளித்து வழக்கைத் தள்ளியது. பின்னாளில் மாநில நீதிமன்றமும் சட்டமன்றமும் ஓரளவு சரிசெய்தன. ஆனால் கட்டடம் கட்டக் கடன் பத்திரம் வெளியிடும்போது இன்றும் பணக்கார ஊருக்கு ஒரு வசதி, ஏழை ஊருக்கு ஒரு வசதிதான்.

கடைசியாக, தாமதமாக வந்து சேரும் பிள்ளைகள். ஆவணமில்லாத குழந்தைகளிடம் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டதும் டெக்சஸில்தான், டைலர் நகரத்தில். 1982-ல் பிளைலர் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் அதே ஐந்துக்கு நான்கில் அதைத் தடுத்தது. செப்டம்பர் முதல் தேதியில் 21 வயது நிறையாத எவரையும் டெக்சஸ் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் பதினெட்டு வயதில், ஆறு கிரெடிட்டோடு வாசலில் நிற்பவரைச் சேர்த்தால் நான்காண்டுத் தேர்ச்சி விகிதம் கெடும். ஆகவே "முதியோர் கல்வி வகுப்பு உனக்கு நல்லது" என்று பரிவாகச் சொல்லி அனுப்பிவிடும் பழக்கம் இருக்கிறது. அது எந்தக் குறியீட்டிலும் ஏறாது. 2025 ஜனவரியில், பள்ளிகளில் குடியேற்ற அதிகாரிகள் நடவடிக்கை எடுப்பதைக் கட்டுப்படுத்தி வந்த வழிகாட்டுதலும் விலக்கிக்கொள்ளப்பட்டது. பிள்ளைகளில் சிலர் வருவதற்கு முன் வீட்டில் இரண்டுமுறை யோசிக்கிறார்கள். 90 விழுக்காடு வருகை விதி அந்த யோசனைக்கு விலக்கு தருவதில்லை. விலக்கு தரும் அதிகாரம் உங்கள் வருகைக் குழுவிடம் இருக்கிறது. இந்தக் காரணத்தை ஏற்கச் சொல்லி வாரியம் ஒரு தீர்மானம் போடலாம்.

ஆக, உறுப்பினர்களிடம் கேட்பது அதிகமில்லை. ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்கு வந்து சேராதவர்களின் எண்ணிக்கையை இடைநிற்றல் அறிக்கைக்குப் பக்கத்தில் அச்சிடுங்கள். 16, 60 என்ற குறியீடுகளில் ஆண்டுக்கு ஒரு பங்கைப் பள்ளிக்கு வெளியிலிருந்து ஒருவர் சரிபார்க்கட்டும். ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்களுக்குச் சறுக்குபவர் பட்டியலைப் படிக்க வாரம் ஒரு பீரியட் ஒதுக்குங்கள். வேலைக்குப் போகும் பிள்ளைக்கு அல்ஜீப்ரா பிற்பகலில் இருக்கட்டும். முடிந்தால் அவன் வேலையே பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் இருக்கட்டும்.

தமிழ்க் குடும்பங்களுக்கு: வாரியக் கூட்டங்களில் பொதுமக்கள் பேச நேரம் உண்டு, முன்கூட்டிப் பெயர் கொடுத்தால் போதும். பட்ஜெட் ஜூனிலோ ஆகஸ்டிலோ வாக்கெடுப்புக்கு வரும். அதற்கு முந்தைய கூட்டம் ஒன்றுக்குப் போய், நம் மாவட்டத்தில் நான்கு வருடம் முன்பு ஒன்பதாம் வகுப்பில் எத்தனை ஹிஸ்பானிக் மாணவர் இருந்தார்கள், இந்த மேயில் மேடை ஏறியவர் எத்தனை பேர், மற்றவர்களுக்குப் போட்ட குறியீடுகள் என்னென்ன என்று கேளுங்கள். பதில் கையில் இல்லை என்றால், அடுத்த கூட்டத்துக்கு எழுத்தில் வேண்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு அல்ஜீப்ரா ஆசிரியர் ஒருவர்
ஹூஸ்டன் பகுதி, டெக்சஸ்